எரிந்த ஏடுகளும் திறவாத கோப்புகளும்

1981 மே 31 இல் தொடங்கிய வன்செயல்களின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. காகிதத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்ற பாடத்தை எம்மிற் பலர் அன்றே கற்றோம்.

ஆகவே, பத்திரிகை அலுவலகங்களுக்குக் கணனி வந்தபோது நான் மகிழ்ந்தேன். தொண்ணூறுகளில் எழுதிய கட்டுரைகளைப் பிளொப்பி வட்டுகளிற் பதிந்து வைத்தேன். அண்மையில் அவற்றுள் ஒன்றைத் திறக்க முயன்றேன். வட்டை வாசிக்கும் கருவியைத் தேடிப் பெறுவதே பெரும்பாடாயிற்று. திறந்தபோதோ திரையில் தமிழ் இல்லை; பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிசையாக நின்றன.

காரணம் எளிது. அக்காலத்தில் நாம் பயன்படுத்திய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்திருந்தது. கோப்பிற் பதிவானவை ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் தமிழ் தோன்றாது. 1991 இல் வெளியான யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்திருந்தும், நாம் அதற்கு மாறப் பல ஆண்டுகள் சென்றன.

அதே கட்டுரையின் பத்திரிகை நறுக்கு எனது அலுமாரியில் இருந்தது. மஞ்சளித்திருந்தாலும் ஒரு சொல்லும் அழியவில்லை.

ஆயினும், காகிதமே போதுமென்று 1981 ஐக் கண்டவர் கூறமாட்டார். 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடிப் பேணிவருகின்றது. மூலமும் இருக்கட்டும், பிரதியும் பல இடங்களில் இருக்கட்டும். வாசகர்களே, உங்களிடம் பழைய பாமினிக் கோப்புகள் இருப்பின், வட்டுகள் பழுதாகுமுன் அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றிவையுங்கள்.