அலைக்கற்றையும் ஆளும்: உல்லாஸ்நகர், பால்கர், தேனி

கம்பியில்லா இணையத்தில் கிராமங்கள் பின்தங்கியிருப்பதற்குத் தொலைவும் கோபுரப் பற்றாக்குறையுமே காரணம் என்று கொள்வது வழக்கம். மும்பையை ஒட்டிய இரு பகுதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் போதாமல் போகிறது. அலையைக் கொண்டுசேர்ப்பதை விட, கடைசித் துண்டு இணைப்பைப் பராமரிக்க ஊரிலேயே ஒருவர் இருக்கிறாரா என்பதே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

உல்லாஸ்நகர் 1949-இல் சிந்தி அகதிகளுக்காக எழுந்த நகரம். சுமார் 13 சதுர கிலோமீட்டருக்குள் 5,06,098 பேர் வாழ்வதாக 2011 மக்கள்தொகைக் கணக்கு காட்டுகிறது. இங்கே சிக்னலுக்குப் பஞ்சமில்லை, பங்கிடுவதுதான் சிக்கல். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் இருக்கும் அத்தனை பேரும் பகிர்ந்துகொள்கிறார்கள். வைஃபையிலும் இதே நிலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று குறுக்கிடாத தடங்கள் மூன்றே. மும்பையின் தாராவி போன்ற இடங்களின் சந்துகளில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் வைத்தால் அவை ஒன்றையொன்று நெரிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ கான்கிரீட்டைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும், தகரத்தைப் பெரும்பாலும் தாண்டுவதே இல்லை. ஆகவே இயற்பியல் நகரத்துக்குச் சாதகமானது என்று சொல்லிவிட முடியாது. இருந்தும் நகரத்தில் இணைப்பு நிற்கிறது. ஃபைபர் பக்கத்திலேயே வருகிறது. தொலைக்காட்சிக்கு மாடி மாடியாகக் கம்பி இழுத்த கேபிள்காரர் இன்று பிராட்பேண்டும் தருகிறார். இணைப்பு அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது தெருவுக்கே தெரியும்.

2014-இல் தாணே மாவட்டத்திலிருந்து பிரிந்த பால்கரில் வார்லிப் பழங்குடி மக்கள் பாடாக்கள் எனப்படும் சிதறிய சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அங்கே கம்லோலியைச் சுற்றிய ஏழு கிராமங்களில், அபய் கரந்திகர் தலைமையிலான மும்பை ஐஐடி குழு தொலைக்காட்சிக்குப் பயன்படாமல் கிடந்த 470–590 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சோதனையாகப் பயன்படுத்தியது. மரங்களையும் மேடுகளையும் இந்த அலை வைஃபை அலையைவிட எளிதாகக் கடக்கும். தொலைவு வெல்ல முடியாத தடையல்ல என்பதற்கு இது போதிய சான்று.

பிறகு எங்கே இடறுகிறது? தமிழ்நாட்டு அனுபவங்கள் இரண்டு இதற்கு விடை சொல்கின்றன. 2001-இல் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராம இணைய மையங்கள் தொடங்கின. தனியார் நடத்திய மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, நீண்டகாலத் தொழில்நுட்ப ஆதரவும் கிடைக்கவில்லை. தேனியில் நடந்தது வேறு. அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நெடுந்தூர வைஃபை வழியாகக் கிராமக் கண் மையங்களை மருத்துவர்களோடு காணொளியில் இணைத்தது. அங்கே கருவிகளைப் பெரிதும் பாழாக்கியது தரமற்ற மின்சாரம். உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழுதுபார்க்கப் பயிற்சி அளித்த பிறகே வலையமைப்பு நிலைத்தது. தினமும் அதை நம்பிக் காத்திருக்கும் நோயாளிகள் இருந்ததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2016-இல் ஜியோ வந்தபின் மொபைல் டேட்டா மலிவாகிவிட்டதால் பொது இணைப்பு இனித் தேவையில்லை என்பதே அது. ரயில் நிலைய வைஃபையிலிருந்து விலகுவதாக 2020-இல் அறிவித்த கூகுளும் இந்த மலிவையே காரணமாகச் சொன்னது. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் நகர்ப்புறப் பெண்களில் 51.8 விழுக்காடு, கிராமப் பெண்களில் 24.6 விழுக்காடு. விலை சரிந்தும் இடைவெளி மறையவில்லை. கைபேசி பெரும்பாலும் வீட்டு ஆணின் பையில் இருக்கும் சூழலில், பொது இணைப்பு தேவையற்றது என்ற முடிவு அவசரமானது.

அரசின் திட்டங்களும் இந்தக் கடைசித் துண்டில்தான் இடறின. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் ஆன ஃபைபர் திட்டம் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை இலக்காகக் கொண்டது. ஊராட்சி அலுவலகம்வரை ஃபைபர் போனாலும், அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு நெடுங்காலம் தெளிவற்றே இருந்தது. 2023-இன் 1.39 லட்சம் கோடி ரூபாய்த் திருத்தத்தில்தான் உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு உரிய இடம் கிடைத்தது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வானி பொது வைஃபை திட்டமும் எஸ்டிடி பூத் போலச் சிறு கடைக்காரரையே நம்புகிறது. அவருக்கான பிராட்பேண்ட் கட்டணத்தைச் சில்லறைக் கட்டணத்தின் இருமடங்குக்குள் டிராய் கட்டுப்படுத்தியது 2025-இல்தான். உல்லாஸ்நகரில் அந்தக் கடைக்காரர் கூட்டத்தை நம்பிப் பிழைப்பார். ஐம்பது வீடுள்ள பாடாவில் அது நடக்காது. அங்கே பராமரிப்பவரின் ஊதியத்தைக் கருவிச் செலவிலிருந்து பிரித்து, ஆண்டுதோறும் அரசே தர வேண்டும்.