களிகம்பும் கூட்டிசையும்

பலர் கூடிப் பாடும்போது குரல்கள் மட்டுமன்றி உள்ளங்களும் ஒன்றுபடுகின்றன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தென்திசை நோக்கி நீளும் கிழக்கிலங்கைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இவ்வுண்மையை விளக்கி நிற்கும் கலை களிகம்பு ஆகும். பொல்லடி என்றும் அதனை வழங்குவர்.

ஆடவர் இரட்டைப்பட நின்று, இரு கைகளிலும் குறுங்கம்பு ஏந்துவர். அண்ணாவியார் முதலடியை எடுத்துக் கொடுப்பார். ஏனையோர் அதனை ஏற்றுப் பாடுவர். கம்போடு கம்பு மோதும் ஒலியே தாளம். இறைவனையும் நபிகள் நாயகத்தையும் போற்றித் தொடங்கும் பாட்டு, மெல்ல நடந்து, பின் விரைந்து, ஆட்டத்தோடு உச்சத்தை எட்டும். திருமண வீடும், சுன்னத்துக் கலியாண வீடும், விருந்தினரை வரவேற்கும் ஊர்வலமும் இதற்குரிய களங்கள்.

இத்தகைய குழு உருவாவது பட்டயத்தினாலன்று. வயலிலும் கடலிலும் தறியிலும் பகலெல்லாம் உழைத்த இளைஞரை ஒருங்கு கூட்டி, அண்ணாவியார் ஒருவர் அடியும் பாட்டும் பழக்கும் நாளே அதன் பிறந்தநாள். மாணாக்கரின்றி அவர் மறைவாராயின், அன்றே அக்குழுவும் மறையும்.

இவ்வாறு ஒரு பாடல்முறை அழிந்துவிடுமோ என்னும் அச்சம் அமெரிக்க நாட்டிலும் எழுந்ததுண்டு. ஆங்கே முடிதிருத்தும் நிலையங்களில் கூடியோர், வாத்தியமின்றி நான்கு குரல்களை இசைவித்துப் பாடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் கறுப்பின மக்களிடையே வேரூன்றியிருந்தது. அம்முறை மங்கி வருதல் கண்டு வருந்திய ஓ. சி. காஷ் என்னும் வரித்துறை வழக்கறிஞர், ரூப்பர்ட் ஹால் என்னும் நண்பருடன் சேர்ந்து, துல்சா நகரத்து மன்றமொன்றின் மேல்தளத்துக்கு அன்பர்களை அழைத்தார். 1938 ஏப்ரல் 11ஆம் நாள் வந்தோர் 26 பேர். அச்சிறு கூட்டமே நாடளாவிய சங்கமாக வளர்ந்தது.

ஆயினும் அச்சங்கம் 1963 வரை கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்கவில்லை. கலையை ஈன்றோரின் வழித்தோன்றல்களே வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பாட்டைக் காத்தோர் பாட்டுக்குரியோரை மறந்த வரலாறு இது.

இவ்வரலாறு கல்முனைக் கரைக்கு இரு பாடங்களைத் தருகின்றது. ஒரு கலையை மீட்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆர்வமுடையோர் சிலர் ஓரிடத்தில் கூடினாற் போதும். அஃதாவது, பள்ளிக்கூடத்து மாணவரும் முதிய அண்ணாவியாரும் ஒரு முற்றத்தில் சந்தித்தாலே ஒரு குழு பிறந்துவிடும். மற்றொன்று, களிகம்பு மேடையேறும் நாளில் அண்ணாவியாரும் உழைப்பாளர் மக்களும் முன்வரிசையில் நிற்றல் வேண்டும். பார்வையாளராக ஒதுக்கப்படுதல் கூடாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் எண்ணற்ற உயிர்களையும் மனைகளையும் வாரிச் சென்றது. ஒருவர் நெஞ்சில் மட்டும் வாழும் பாட்டு அவரோடு போய்விடும். பன்னிருவர் நாவில் பயிலும் பாட்டோ, ஒருவர் மறைந்தாலும் மற்றவர் குரலில் தொடர்ந்து ஒலிக்கும்.