சீட்டுச் சாளரத்தின் இருபுறமும்

புகைவண்டியின் ஓசையும் தண்டவாளத்தின் தனிமையும் தமிழ்க் கவிதையில் பெற்ற இடத்தைப் பயணச்சீட்டு வழங்கும் சாளரம் பெற்றதில்லை. அதில் வியப்பும் இல்லை. ஒரு கை நுழையும் அளவேயுள்ள அத்திறப்பில் அழகு ஏது? வரிசையும் வியர்வையும் சில்லறைத் தகராறுமே அங்கு உண்டு. ஆயினும் இந்நாட்டின் மாபெரும் பொதுச் சொத்துகளுள் ஒன்றாகிய இரயில்வேயை எளிய மக்கள் நேருக்கு நேர் சந்தித்த இடம் பெரும்பாலும் அதுவே. கட்டணம் எவ்வளவு என்பதை அவர்கள் அறிந்தது அங்கே. இரயில்வே ஊழியர் என்பவர் அவர்களுக்கு ஒரு முகமும் குரலுமாகத் தெரிந்ததும் அங்கே. அச்சாளரத்தின் கதையில் கட்டணத்தின் கதையும் ஊழியரின் கதையும் சேர்ந்தே கிடக்கின்றன.

சாளரத்தின் வழியே நூற்றைம்பது ஆண்டுக்காலம் வெளிவந்த பொருள் ஓர் அட்டைத் துண்டு. 57 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் அகலம். அதைக் கண்டவர் தாமஸ் எட்மண்ட்சன். இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரத்து மரச்சாமான் தச்சர், குவேக்கர் சமயத்தினர், தொழிலில் நொடித்துப் போனவர். 1836ஆம் ஆண்டளவில் நியூகாசில்–கார்லைல் பாதையிலிருந்த மில்ட்டன் என்னும் சிறு நிலையத்தின் பொறுப்பாளராக அமர்ந்தார். அக்காலத்தில் குதிரைக் கோச்சு வழக்கத்தையொட்டிப் பயணி ஒவ்வொருவருக்கும் கையால் எழுதித் தாள் கிழித்துத் தந்தனர். எத்தனை தாள் கிழிந்தது, வந்த பணத்தில் எவ்வளவு பெட்டிக்குள் போயிற்று, எவ்வளவு எழுத்தரின் பைக்குள் போயிற்று என்று அறிய வழியில்லை. எட்மண்ட்சன் ஊர்ப் பெயரை முன்கூட்டியே அட்டையில் அச்சிட்டார். ஒவ்வோர் அட்டைக்கும் வரிசை எண் இட்டார். அவற்றைக் குழாய் போன்ற தடுப்புகளில் அடுக்கி வைத்தார். ஒன்றை உருவினால் அடுத்த எண் தானே வந்து நிற்கும். காலையில் நின்ற எண்ணை இரவில் நிற்கும் எண்ணிலிருந்து கழித்துக் கட்டணத்தால் பெருக்கினால் அன்றைய வரவு தெரிந்துவிடும். தேதி குத்துவதற்கு ஓர் இரும்புக் கருவியையும் செய்தார். 1839இல் மான்செஸ்டர்–லீட்ஸ் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. பிற நிறுவனங்கள் மைல் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் உரிமத்தொகை கொடுத்து அம்முறையை மேற்கொண்டன.

ஊழியர்பால் கொண்ட ஐயத்தில் பிறந்தது அந்த அட்டை. இந்தியாவுக்கு வந்தபின் அதற்கு இன்னொரு பயனும் ஏற்பட்டது.

1853 ஏப்ரல் 16இல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கும், 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. பாதையிட்ட நிறுவனங்கள் இலண்டனில் இருந்தன. அவை போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியை அரசு உறுதி செய்திருந்தது. வண்டி ஈட்டாவிட்டால் இந்திய மக்களின் வரிப்பணம் அதை ஈடுகட்டியது. உடைமை தனியாருடையது, இழப்பு மட்டும் பொதுவுடையது என்னும் விந்தை அப்போதே வேர்விட்டது. வண்டியில் ஏறியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கீழ் வகுப்புப் பயணிகள். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். நான்கணா கட்டணத்துக்கு ஐந்தணா கேட்டாலும் சரியான சில்லறையைத் திருப்பித் தராவிட்டாலும் அவர்கள் என்ன செய்ய இயலும்? பயணிகளின் முறையீடுகளில் மிகுதி பணம் வாங்குவது பற்றிய குற்றச்சாட்டு நெடுங்காலம் தொடர்ந்து வந்தது. கட்டணம் அச்சிட்ட அட்டை அந்நிலையில் ஒரு சிறு காப்பாயிற்று. அருகில் நிற்கும் படித்தவரிடம் நீட்டிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். எழுத்தரின் களவைத் தடுக்க நிறுவனம் செய்த பொருள், பயணிக்கும் ஒரு சாட்சியாக அமைந்தது.

அந்தச் சாட்சி வண்டிக்குள் ஓர் இடத்தை வாங்கித் தரவில்லை என்பதற்கு 1917ஆம் ஆண்டின் பதிவு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் விரும்பியே மூன்றாம் வகுப்பில் சென்றார். அவ்வாண்டு பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் வந்த பயணத்தை ஒரு சிறு நூலில் எழுதியிருக்கிறார். கட்டணம் பதின்மூன்று ரூபாய் ஒன்பதணா. 22 பேர் அமரலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது; படுக்க இடமில்லை; இரண்டு இரவு கழிய வேண்டும். ராய்ச்சூருக்குப் பின் நெரிசல் தாங்க முடியாததாயிற்று. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல்தான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது மூன்றாம் வகுப்பாருக்கு உண்டா என்பது அவர் எழுப்பிய வினா. அறவுரையாக அன்றிக் கணக்காக அதை அவர் வைத்ததே அந்நூலின் வலிமை. பயணிகள் வருவாயின் பெரும்பகுதி கீழ் வகுப்பிலிருந்தே வந்தது என்பதால், அவ்வினாவுக்கு நிறுவனங்களிடம் விடை இருந்திருக்க முடியாது.

உடைமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை ஆராய 1920இல் அமைந்தது சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையிலான குழு. வலங்கைமானில் பிறந்து ஆங்கிலச் சொல்வன்மையால் புகழ்பெற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். குழு இரண்டாகப் பிளந்தது. அரசே நடத்த வேண்டும் என்ற பக்கம் தலைவரும் சாஸ்திரியாரும் நின்றனர். 1924இல் இரயில்வேயின் வரவு செலவு பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டது. 1925இல் ஈஸ்ட் இந்தியன், ஜி.ஐ.பி. ஆகிய இரண்டும் அரசின் நேர்ப் பொறுப்புக்கு வந்தன. தமிழகத்தின் பெரும்பகுதியில் ஓடிய தென்னிந்திய இரயில்வேயோ 1944 வரை நிறுவனத்தின் கையிலேயே இருந்தது.

இடைப்பட்ட அக்காலத்தில்தான் ஆட்குறைப்பு என்ற சொல் தமிழ்நாட்டுக்கு நன்கு அறிமுகமாயிற்று. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பணிமனைகளைத் திருச்சிக்கருகே பொன்மலையில் ஒன்றாக்க நிறுவனம் முனைந்தது. புதிய பணிமனைக்கு அத்தனை பேர் வேண்டாம் என்றது. தொழிலாளருக்குத் திறன்தேர்வு வைத்துக் கழிக்கத் திட்டமிட்டது. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. பத்து நாள்களில் அது அடக்கப்பட்டது. ம. சிங்காரவேலர் கைதாகிப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டு 1930இல் விடுதலையானார். அப்போது அவர் எழுபதை எட்டிய முதியவர். நிறுவனத்தை எதிர்த்த போராட்டமாயினும் சிறையிட்டது அரசு என்பதை மறத்தலாகாது.

1951 ஏப்ரல் 14இல் தென்னக இரயில்வே உருவாயிற்று. இப்போது சாளரத்தின் உட்புறம் அமர்ந்தவரும் வெளியே நின்றவரும் ஒரே உடைமைக்கு உரியவர்கள். சட்டப்படி அப்படித்தான். சிறு நிலையங்களின் நடைமுறை வேறு. அங்குச் சீட்டுக்கெனத் தனி எழுத்தர் கிடையாது. உதவி நிலைய அதிகாரியே சீட்டும் கொடுப்பார், அடுத்த நிலையத்தோடு பேசிப் பாதையனுமதியும் பெறுவார், கொடியும் காட்டுவார். ‘இடைவிட்ட பணி’ என வகைப்படுத்தப்பட்டவர்களுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலை. வண்டி வருமுன் கால்மணி நேரம் மட்டும் சாளரம் திறப்பதைச் சோம்பல் என்று வைத பயணிகள் பலர். உள்ளே ஒரே ஆள் மூன்று வேலையைச் செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அச்சுவரின் இருபுறத்தாரையும் ஒருவர்மீது ஒருவர் எரிச்சல் கொள்ளச் செய்தது ஆள்போதாமையே.

எட்டு மணிநேர வேலை, போனஸ், பிற அரசுத் தொழில்களுக்கு இணையான ஊதியம் ஆகிய கோரிக்கைகளோடு 1974 மே 8இல் தொடங்கிய வேலைநிறுத்தம் இந்தப் பின்புலத்தில் வைத்துக் காணத்தக்கது. ஏறத்தாழ 17 இலட்சம் ஊழியர்களின் பெயரால் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த அது இருபது நாளில் மே 27இல் கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர், வேலையிழந்தனர், குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே பெர்னாண்டஸ் இரயில்வே அமைச்சரானது வரலாற்றின் ஒரு கேலி.

அதே 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. அதாவது அதன் பெயர் ஒழிந்தது. பலகையில் ஒரு கோட்டை அழித்து இரண்டாம் வகுப்பு என்றனர். மரப்பலகை மரப்பலகையாகவே இருந்தது. மது தண்டவதே அமைச்சராக இருந்த 1977க்குப் பின்னரே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை வரலாயிற்று. 1974இல் நீக்கப்பட்டோரை மீண்டும் வேலைக்கு எடுக்கும் முடிவும் அந்த ஆட்சியினுடையதே. சாளரத்தின் இருபுறத்தையும் ஒருசேரக் கண்ட அமைச்சர்கள் மிகச் சிலர். தண்டவதே அவர்களுள் ஒருவர்.

பிறகு கணினி வந்தது. 1985–86இல் தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கிச் சில ஆண்டுகளில் சென்னை முதலிய நகரங்களுக்குப் பரவியது. அதுவரை வண்டிக்கொரு பேரேடு, பேரேட்டுக்கொரு சாளரம். தவறான வரிசையில் நின்றவர் மீண்டும் முதலிலிருந்து நிற்க வேண்டும். எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் பெறலாம் என்ற நிலை பெரும் நன்மை. 2002இல் இணைய முன்பதிவும், அதே ஆண்டு முன்பதிவில்லாச் சீட்டுக்கான கணினி முறையும் வந்தன. அட்டைச் சீட்டு மெல்ல மறைந்தது. அதனோடு ஒன்று கவனிப்பாரின்றிப் போயிற்று. தமிழ்நாட்டு அட்டைச் சீட்டுகளில் ஊர்ப் பெயர் தமிழிலும் இருந்தது. புதிய தாள் சீட்டில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. முன்பதிவில்லாச் சீட்டில் தமிழ் மீண்டும் அச்சேறத் தொடங்கியது 2018இல். கைமுறை அச்சுக்கூடம் செய்ததைக் கணினி செய்ய அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

1990–91இல் இரயில்வே ஊழியர் 16 இலட்சத்துக்கு மேல். அவ்வாண்டுப் பயணங்கள் 385 கோடி. 2018–19இல் பயணங்கள் 840 கோடியைத் தாண்டின. ஊழியரோ 12 இலட்சத்தைச் சுற்றியே நின்றனர். முன்பதிவுச் சீட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இப்போது இணையத்தில் விற்கிறது. வீட்டிலிருந்தே சீட்டுப் பெறுவோர்க்கு இது வசதி என்பதை மறுப்பதற்கில்லை. கைப்பேசியின் தொடுதிரை பழகாத முதியவர், கூலிவேலைக்குக் குடும்பத்தோடு புறப்படுபவர், இணைப்பு வண்டி எது என்று ஒருவரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆகியோரின் வரிசைதான் சாளரத்தின்முன் எஞ்சியிருக்கிறது. அங்கே திறந்திருக்கும் சாளரங்கள் குறைவு.

கட்டணத்துக்கும் இதுவே நேர்ந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தனி இரயில்வே வரவு செலவுத் திட்டம் ஒன்று இருந்தது. கட்டணம் கூடுமா என்று அந்த நாளில் நாடே காத்திருந்தது. 2012 மார்ச்சில் கட்டணத்தை உயர்த்திய தினேஷ் திரிவேதி சில நாள்களில் பதவியிழந்தார். உயர்வின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. அது நல்ல நிர்வாகமன்று என்பார் உண்டு. ஆனால் விலைக்குப் பதில் சொல்ல ஒரு முகம் இருந்தது. 2017–18 முதல் தனித் திட்டம் பொதுத் திட்டத்தில் கரைந்தது. 2020 ஜனவரியிலும் 2025 ஜூலையிலும் கட்டணம் உயர்ந்தது சுற்றறிக்கை வழியே. முதியோர்க்கு இருந்த சலுகை, ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பதும் பெண்களுக்கு ஐம்பதும், 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பெயரால் நிறுத்தப்பட்டது. தொற்று தணிந்து வண்டிகள் யாவும் ஓடத் தொடங்கிய பின்னும் அது திரும்பவில்லை.

அந்நாளில் நடந்த மற்றொன்று 1974ஐ நினைவூட்டுகிறது. நிலையந்தோறும் நின்று செல்லும் சாதாரணப் பயணிகள் வண்டிகள் மீண்டும் ஓடியபோது அவற்றுக்குச் சிறப்பு விரைவு வண்டி என்று பெயர். நிற்கும் நிலையங்கள் அவையே. ஓடும் வேகமும் ஏறத்தாழ அதுவே. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் முப்பதாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது பத்துக்கு இறங்கியது. முன்பு பெயர் மாறியது, பலகை மாறவில்லை. இப்போது பெயர் மாறியது, விலையும் மாறியது. பயணச் செலவில் நூற்றுக்கு 57 மட்டுமே பயணிகளிடமிருந்து கிடைக்கிறது என்று 2016 முதல் சீட்டிலேயே அச்சிட்டு வந்தனர். சரக்குக் கட்டணம் பயணிகளைத் தாங்குவது உண்மையே. எனினும் பயணிக்குச் சாட்சியாக இருந்த சீட்டு, அவர் பட்ட கடனை நினைவூட்டும் தாளாக மாறியதைக் கவிஞர்கள் கவனித்திருக்கலாம்.

சிறு நிலையங்கள் பலவற்றில் இப்போது சீட்டு வழங்குபவர் இரயில்வே ஊழியரல்லர். விற்பனைக்குத் தரகு பெறும் முகவர். பெரிய நிலையங்களில் தானியங்கி இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை இயக்கத் தெரியாதவர்க்கு உதவவென்று ஓய்வுபெற்ற ஊழியர்களை இரயில்வே அமர்த்தியது. சம்பளம் இல்லை, விற்கும் சீட்டில் சிறு பங்கு. முன்னர்ச் சாளரத்தின் உள்ளே அமர்ந்திருந்தவர் இப்போது வெளியே, இயந்திரத்தின் பக்கத்தில், தம் அட்டையைச் செருகித் திரையைத் தொட்டு, ‘எந்த ஊர், எத்தனை பேர்’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.