எழுதத்தக்க இறுவட்டின் வரலாறும் அது விதித்த ஒழுங்குகளும்

கருவிகளைக் கையாளுதற்கென விதிக்கப்படும் ஒழுங்குகளை நாம் பெரும்பாலும் காரணம் வினவாது ஏற்றுக்கொள்கின்றோம். ‘இவ்வாறு செய்க, இவ்வாறு செய்யற்க’ என்று கருவியோடு வருஞ் சிறுநூல் கூறும். நாமும் அவ்வாறே செய்வோம், அன்றேல் மறந்துவிடுவோம். ஆயின், அவ்விதிகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு மறைந்து கிடத்தல் புலனாகும். கணினியினுள்ளே பொருத்தப்படும் இறுவட்டு எழுதி இதற்கு ஏற்றதொரு சான்று. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக வீடுகளிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பெருவழக்காயிருந்த அக்கருவியின் விதிகளை அதன் வரலாற்றோடு இயைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைப் பழமை ஆராய்ச்சி என்று ஒதுக்குதல் பொருந்தாது. அக்காலத்தில் எழுதப்பட்ட வட்டுக்கள் இன்றும் நம் அலுமாரிகளிலே கிடக்கின்றன. அவற்றில் உள்ளவை வாழுமா, மாயுமா என்னும் வினாவிற்கும் இவ்வரலாற்றிலேயே விடை உண்டு.

ஒளியின் துணைகொண்டு துவித எண்களைப் பதிந்து மீளப் படிக்கும் எண்ணம் இறுவட்டிற்கு முந்தியது. ஐக்கிய அமெரிக்காவிலே பட்டெல் ஆய்வு நிறுவனத்திற் பணிபுரிந்த ஜேம்ஸ் ரசல் என்பார் இத்தகைய முறையொன்றிற்கு 1966 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை கோரி, 1970 ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தார் வேறொரு வழியாலே ஒளிவட்டு ஆராய்ச்சியில் முன்னேறினர். அவர்களது முறையைத் தழுவிய நிகழ்படத் தட்டு 1978 ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது. 1979 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆந் திகதி இசைக்கான சிறு வட்டின் மாதிரியை ஐன்ட்ஹோவன் நகரிலே பிலிப்ஸ் நிறுவனத்தார் காட்டினர். பின்னர் யப்பானியச் சோனி நிறுவனமும் அவர்களோடு சேர, 1980 ஆம் ஆண்டில் இருசாராரும் உடன்பட்ட நியமம் வகுக்கப்பட்டது. அந்நியம நூலின் அட்டை சிவப்பாயிருந்தமையின் அது ‘செந்நூல்’ எனப் பெயர்பெற்றது. 1982 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இறுவட்டும் அதனை இசைக்குங் கருவியும் யப்பானிலே கடைகளுக்கு வந்தன.

இசையின் பொருட்டு வகுக்கப்பட்ட அவ்வட்டின் அமைப்பில் இரண்டு இயல்புகள் பின்வந்த வரலாற்றைப் பெரிதும் பாதித்தன. முதலாவது, அதன் தடம். 120 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டிலே உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே தடம் உண்டு. அதனை நீட்டி அளந்தால் 5 கிலோமீற்றருக்கு மேற்படும். பாட்டு இடையறாது ஒலிக்கவேண்டும் ஆதலின் அத்தடமும் இடையறாது செல்லுமாறு வகுக்கப்பட்டது. இரண்டாவது, அதன் படைகள். ஒளி புகுகின்ற பொலிகாபனேற்றுப் படை 1.2 மில்லிமீற்றர் தடிப்பானது. அதன் மேலே மிக மெல்லிய அலுமினியப் படையும், அதன் மேலே மெல்லிய பூச்சும், அப்பூச்சின்மீது பெயரும் படமும் அமைந்தன. படிக்கும் பக்கத்திலே விழுந்த தூசியும் சிறு கீறலும் ஒளிக்கதிர் குவியும் இடத்திற்கு எட்ட இருத்தலின் படிப்பைப் பெரிதும் கெடுப்பதில்லை. எஞ்சிய பிழைகளையும் 1960 ஆம் ஆண்டில் ரீட், சொலமன் என்னும் இரு கணித அறிஞர் வகுத்த குறிமுறையின் வழியாகத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பெயர் எழுதிய பக்கத்திலோ செய்தியைத் தாங்கும் படைக்கும் வெளியுலகிற்கும் இடையே மெல்லிய பூச்சொன்றே உண்டு. பளபளக்கும் பக்கத்தைப் பேணி மறுபக்கத்தை மேசையில் உராய விடுவோர் பலர். வன்மையான பக்கத்தைக் காத்து மென்மையான பக்கத்தைக் கைவிடுகின்றனர் என்பதே உண்மை.

இசைக்கென எழுந்த வட்டு விரைவிலே நூலுக்கும் பயன்படலாயிற்று. கணினித் தரவுகளை இறுவட்டில் வைக்கும் நியமம் 1983 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோப்புக்களை ஒழுங்குபடுத்தும் பொதுமுறை 1988 ஆம் ஆண்டில் அனைத்துலக நியமமாயிற்று. 650 மெகாபைற்று அளவான செய்தி ஒரு வட்டில் அடங்கியமையால் கலைக்களஞ்சியங்களும் அகராதிகளும் அவ்வுருவில் வந்தன. எனினும் மக்கள் அவற்றைப் படிப்போராய் இருந்தனரேயன்றி எழுதுவோராய் இருக்கவில்லை. கண்ணாடித் தட்டில் மூலம் வெட்டி, அதிலிருந்து உலோக அச்செடுத்து, ஆலையிலே அழுத்தி எடுத்தாலன்றி வட்டு உருவாகாது. ஏடும் எழுத்தாணியும் உடையார் எவரும் பிரதி செய்யக்கூடிய ஓலைச்சுவடிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஈண்டு நோக்கற்பாலது.

ஒருமுறை எழுதத்தக்க ஒளிவட்டுக்கள் 1980களின் முற்பகுதியிலேயே இருந்தன. ஆனால் அவை அளவிற் பெரியன. தமக்கென அமைந்த கருவிகளிலே மட்டும் படிக்கத்தக்கன. சாதாரண இசைக்கருவியும் படிக்கத்தக்க வட்டொன்றை எழுதுவது எவ்வாறு என்பதே பெரும் இடர்ப்பாடாயிற்று. செந்நூலின் விதிப்படி வட்டில் விழும் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கிற்குக் குறையாமல் மீளவேண்டும். எழுதுதற்கு இடங்கொடுக்கும் பொருளோ ஒளியை உறிஞ்சுதல் வேண்டும். ஒன்றற்கொன்று முரணாகிய இவ்விரு தேவைகளையும் 1988 ஆம் ஆண்டில் யப்பானின் தாயோ யூடென் நிறுவனம் பொருத்திக் காட்டியது. அங்குப் பணியாற்றிய எமிக்கோ ஹமடா என்னும் பெண்மணி இவ்வாக்கத்தில் முதன்மையானவராகப் போற்றப்படுகின்றார். பொலிகாபனேற்றுக்கும் பொற்படைக்கும் இடையே சயனின் என்னுஞ் சாயத்தை மெல்லியதாகப் பூசினர். வலுவான இலேசர்க் கதிர் பட்ட இடத்திலே சாயம் வெப்பத்தாற் சிதைந்து ஒளியைச் சிதறச் செய்யும். படாத இடத்திலே ஒளி பொன்னிற்பட்டு மீளும். அச்சிட்ட வட்டின் குழிகளையும் இச்சிதைவுகளையும் படிக்குங் கருவி வேறுபடுத்தி அறியாது. 1990 ஆம் ஆண்டில் ‘செம்மஞ்சள் நூல்’ என்னும் நியமம் இதனை வகுத்துரைத்தது.

இவ்வெற்றியின் அடியிலேயே ஒரு குறையும் உண்டு. ஆலையில் அழுத்திய குழி உருவத்தால் நிற்பது. சாயத்தில் எழுதிய எழுத்தோ இரசாயன மாற்றத்தால் நிற்பது. இலேசரின் ஒளிக்கு மாறுஞ் சாயம் ஞாயிற்றின் ஒளிக்கும் வெப்பத்திற்கும் காலப்போக்கில் மாறும். எழுத இடங்கொடுத்த பொருளே அழியவும் இடங்கொடுத்தது எனலாம். பின்னர் வந்த தாலோசயனின், அசோ முதலிய சாயங்கள் நிலைபேற்றில் மேம்பட்டனவாயினும் இவ்வடிப்படை மாறவில்லை.

தொடக்கத்தில் எழுதுங் கருவிகள் பல்லாயிரம் டொலர் விலையுடையனவாயிருந்தன. 1995 ஆம் ஆண்டில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையிற் கருவியொன்றை வெளியிட்டது. அதன்பின் விலை விரைந்து வீழ, கணினிப் பெட்டியினுள்ளே அமையும் இறுவட்டு எழுதி எங்கும் பரவிற்று. தொழில்வல்லுநர் செய்துவந்த பொருத்துவேலை பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்கென வழங்கிய விதிகளை இனி நோக்குவோம்.

முதலாவது விதி, மின்னிணைப்பை முற்றாக நீக்கியபின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும் என்பது. அடுத்து, உடலிற் சேர்ந்துள்ள நிலைமின்னைப் போக்குதற்குப் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொடுதல் வேண்டும். விரலின் சிறு பொறி மனிதருக்குத் துன்பந் தராது; நுண்ணிய இலத்திரனியற் சுற்றுக்களை அழித்துவிடும். கருவியை 5¼ அங்குல அறையினுள்ளே முன்புறமாகச் செலுத்தி, இருபக்கமும் திருகாணிகளால் மட்டமாக இறுக்குதல் வேண்டும். சுழலும் வட்டு சாய்ந்த இருக்கையை ஏலாது.

வடங்களை இணைக்குமிடத்து மற்றொரு வரலாறு குறுக்கிடுகின்றது. 1986 ஆம் ஆண்டளவில் வன்தட்டுக்களுக்கென எழுந்த 40 ஊசி இணைப்புமுறை ஒரே வடத்தில் இரு கருவிகளைத் தாங்கவல்லது. பின்னர் அம்முறை இறுவட்டுக் கருவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு வடத்தில் இருவர் இருப்பின் யார் முதல்வர், யார் அடுத்தவர் என்று அறிவித்தல் வேண்டுமன்றோ? கருவியின் பின்புறத்துள்ள ‘ஜம்பர்’ என்னும் சிறு செருகி அதற்காக அமைந்ததே. வடத்தின் சிவந்த ஓரம் முதலாம் ஊசியை நோக்கியிருத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கருவியே அவ்வடத்திற் பேசமுடியும் ஆதலின், எழுதப்படவிருக்கும் செய்தியைத் தரும் வன்தட்டினை ஒரு வடத்திலும் எழுதியை மற்றொரு வடத்திலும் வைத்தல் நன்று என அறிந்தோர் கூறினர். 2003 ஆம் ஆண்டிற்குப் பின் கருவிக்கு ஒரு மெல்லிய வடம் என்னும் முறை பரவியபோது இவ்விதி தேவையற்றதாயிற்று.

அவ்வறிவுரையின் முழுக் காரணம் தடத்தின் இயல்பிலே உள்ளது. இசையின் பொருட்டு இடையறாது செல்லுமாறு வகுத்த தடத்தில் எழுதத் தொடங்கிய கருவி இடையில் நிற்கலாகாது. வன்தட்டிலிருந்து வருஞ் செய்தி தாமதித்தால் வட்டு வீணாகும். எழுதியிலுள்ள சிறு நினைவகம் அத்தாமதத்தைத் தாங்குதற்கென அமைந்தது. ஆயின் செக்கனுக்கு 300 கிலோபைற்று எழுதுங் கருவியில் ஒரு மெகாபைற்று நினைவகம் ஏறத்தாழ மூன்று செக்கன்களுக்கே போதும். எழுதும்போது வேறு வேலைகளைக் கணினிக்குக் கொடாதீர், திரைகாப்பை நிறுத்துவீர், முதலில் வெறுமனே ஒத்திகை பார்ப்பீர் என்னும் விதிகளெல்லாம் இதனாலேயே எழுந்தன. 2000 ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனத்தார் ஆக்கிய முறை, எழுத்தை நிறுத்தி விட்ட இடத்திலிருந்தே தொடர வழிசெய்தது. அதன்பின் விதிகள் தளர்ந்தன.

மெய்க்காப்புப் பற்றிய விதிகளும் காரணமுடையன. இலேசரின் அலைநீளம் 780 நனோமீற்றர் ஆதலின் அது கண்ணுக்கு நன்கு புலனாகாது; எழுதும்போது அதன் வலு படிக்கும்போது உள்ளதிலும் பன்மடங்காகும். மூடிய பெட்டியினுள்ளே அது தீங்கற்றது. உறையைக் கழற்றி இயக்குவோர் தாம் காணாத ஒளியால் கண்ணிழக்க நேரும். இசை வட்டு நிமிடத்திற்கு 500 சுற்றுக்கு மேற்படாது சுழன்றது. 52 மடங்கு வேகங் கொண்ட பிற்காலக் கருவிகளிலோ சுற்று ஏறத்தாழ 10,000 ஆயிற்று. நடுத்துளையருகே வெடிப்புடைய வட்டு அவ்வேகத்தில் நொறுங்கிக் கருவியையும் கெடுக்கும். ஆகவே வெடித்த வட்டை எக்காரணத்தாலும் உள்ளிடலாகாது. ஒரு பக்கத்தில் ஒட்டிய காகிதமும் சுழற்சியின் சமநிலையைக் குலைக்கும். உரிக்கும்போது படையையும் பெயர்க்கும். பெயரெழுத மென்முனைப் பேனாவே தகும். கூர்முனையும் கரைப்பான் கலந்த மையும் ஆகா.

1997 ஆம் ஆண்டிலே அழித்தெழுதத்தக்க வட்டும் வந்தது. சாயத்திற்குப் பதிலாக உலோகக் கலவை கொண்ட அது குறைந்த ஒளியையே மீட்டதால் பழைய இசைக்கருவிகள் பலவற்றிற் படிக்கப்படவில்லை. எங்கும் படிக்கத்தக்கதாயிருத்தல் என்னும் பண்பே முதல் வட்டின் வெற்றிக்குக் காரணம் என்பதற்கு இதுவே சான்றாகும்.

பின்னர்க் காலம் மாறிற்று. கைக்கடக்கமான நினைவுக்கோல்களும் இணையவழிச் சேமிப்பும் வட்டின் இடத்தைப் பெற்றன. புதிய கணினிப் பெட்டிகள் பலவற்றில் 5¼ அங்குல அறையே இல்லை. எழுதத்தக்க இறுவட்டை முதலில் ஆக்கிய தாயோ யூடென் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அத்தொழிலைக் கைவிட்டது.

ஆனால் எழுதப்பட்டவை எங்குச் சென்றன? மணவிழாப் படங்களும், மறைந்தோர் குரல்களும், பாடசாலை விழாக்களின் பதிவுகளும், பலர் இரவு பகலாகத் தட்டெழுதிய நூல்களும் அச்சாயப்படையிலே தங்கியுள்ளன. அவற்றை உடையோர் செய்யவேண்டியது தெளிவு. வட்டை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்து, இயங்கும் நிலையிலுள்ள கருவியொன்றிலே படித்து, உள்ளவற்றைப் பிரதிசெய்து, பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டு, வெவ்வேறிடங்களில் இரண்டாக வைத்தல் வேண்டும். பழைய உட்கருவியையும் தக்க மாற்றிணைப்பியின் துணையாற் புதிய கணினியோடு சேர்க்கலாம். எஞ்சிய வட்டுக்களை உறையில் இட்டு, நிமிர்த்தி, இருளும் குளிர்ச்சியும் ஈரமின்மையும் உள்ள இடத்திலே பேணலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் இதனைப் பிற்போடல் தகாது.

ஓலை அழியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின் அது நொறுங்குமுன் புதிய ஓலையில் எழுதி வைத்தனர். பளபளக்கும் வட்டு அழியாதென நாம் நம்பினோம். ஆதலின் ஒருமுறை எழுதிவிட்டு மறந்தோம். எழுதும் உரிமை ஆலையிலிருந்து மக்கள் கைக்கு வந்தபோது, மீள எழுதிக் காக்கும் கடமையும் அதனோடு வந்தது. வட்டும் அதனைப் படிக்கும் கருவியும் ஒருங்கே கிடைக்கும் காலம் இன்னும் முற்றாகக் கழிந்துவிடவில்லை. அது கழியுமுன் அக்கடமையைச் செய்து முடித்தல் வேண்டும்.