ஏரி உள்வாயில் ஒரு கிரவுண்டு

சென்னையில் மனை வாங்குகிறவர் விலையைச் சதுர அடியில் கேட்டாலும், வாங்கியதைச் சொல்லும்போது அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்றுதான் சொல்வார். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தொண்டை மண்டல நிலக் கணக்கில் இருந்த பழைய 'மனை' அளவுதான் இது. 24 மனை சேர்ந்தால் ஒரு காணி. 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். காணி என்ற சொல்லுக்கு அளவு என்பதோடு உரிமை என்றும் பொருள் உண்டு. ஏரித் தண்ணீர் எவ்வளவு பாயும், எத்தனை போகம் விளையும் என்பதை வைத்தே ஒரு காணியின் மதிப்பைப் பேசினார்கள். அந்தக் காணி கிரவுண்டுகளாகத் துண்டுபட்டு, விளைச்சலே இல்லாமல் விலை மட்டும் ஏறத் தொடங்கியது எப்படி? 'மண்ணில் போட்ட காசு வீண்போகாது' என்று அதற்கு நாம் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். சென்னையின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்த விலையை ஏற்றியது மண் இல்லை என்று தெரிகிறது. ஊர்ப் பணத்தில் வந்த சாலையும் ரயிலும் குடிநீர்க் குழாயுமே ஏற்றின. அதற்காக ஊர் இழந்தது ஏரிகளை.

மாம்பலத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வில்லாக வளைந்து கிடந்தது நெடிய ஏரி. 'லாங் டேங்க்' என்று ஆங்கிலேயர் அழைத்த அந்த நீர்ப்பரப்பில் படகுப் போட்டிகள் நடந்திருக்கின்றன. செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வரத் தொடங்கியது 1872இல். நகரத்துக்குள் இருந்த ஏரிகளின் ஆயக்கட்டு வயல்கள் சுருங்கச் சுருங்க, அந்த ஏரிகள் வெறும் காலி இடமாகத் தோன்ற ஆரம்பித்தன. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சியில், 1923 தொடங்கி ஏரியை வடித்து, மேடாக்கி, தெருக்கோடு போட்டு, மனை பிரித்தார்கள். புதிய குடியிருப்புக்கு 1925இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயர் வந்து, அது தியாகராய நகர் ஆனது. நடுவில் அமைந்த பூங்காவுக்குப் பனகலின் பெயர். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியதும், மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு கோட்டைக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போவது எளிதானது. அங்கே ஒரு கிரவுண்டு வாங்கியவர் செய்தது வாங்கியது மட்டுமே. அந்த மனைக்கு விலை கூட்டிய ஒவ்வொன்றையும் செய்தது அரசும் ரயில்வேயும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது; அங்கே நின்று பார்த்தால் தெரிவதெல்லாம் வீடுகள்தான்.

சம்பளக்காரர்களின் சேமிப்பு ஏன் மனைப் பக்கம் திரும்பியது என்று கேட்கலாம். அதற்கு நியாயமான பதில் உண்டு. 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் திவாலானபோது அதை நம்பிப் பணம் போட்டிருந்த சென்னைக் குடும்பங்கள் பல நொடித்துப்போயின. அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. வங்கி விழும், கம்பெனி விழும், மனை எங்கே போகும் என்று ஒரு தலைமுறை எண்ணியதில் தவறு காண மாட்டேன். மனை பத்திரமான இடம் என்பது ஒரு விஷயம். அது பல மடங்கு பெருகித் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு விஷயம். முதலாவது சேமிப்பு. இரண்டாவது, அடுத்த சாலை எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே கணித்துக் காத்திருப்பது.

அந்தக் கணிப்புக்குப் பிற்காலச் சென்னை தொடர்ந்து தீனி போட்டது. 1961இல் வீட்டுவசதி வாரியம் வந்தது; 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சூழ்ந்து அண்ணா நகர் எழுந்தது. வாரியமே ஏரிகளிலும் மனை போட்டது. முகப்பேர் ஏரித் திட்டம் என்ற பெயர் இன்றும் முகவரிகளில் இருக்கிறது. 2000இல் தரமணியில் டைடல் பார்க், 2007இல் வேளச்சேரி வரை பறக்கும் ரயில் என்று நகரம் தெற்கே நகர, அதற்கு முன்னால் புரோக்கர்கள் நகர்ந்தார்கள். கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, பவர் பத்திரத்தின் பேரில் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற லேஅவுட்டுகள் பெருகிக்கொண்டே போயின. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிவிட்டது. வாங்கி ஏமாந்தவர்களைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் பிரித்து விற்றவர் லாபத்தோடு போய்விட்டார். தெருவும் வடிகாலும் போட வேண்டிய செலவு ஊராட்சியின் தலையில் நின்றது.

பெருகும் ஊருக்கு வீடு வேண்டாமா, ஏரியை விட்டால் இடம் ஏது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தியாகராய நகர் இல்லாத சென்னையை யாரும் விரும்ப மாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் வீட்டுத் தேவைதான் காரணம் என்றால் வாங்கிய மனைகளில் வீடு எழுந்திருக்க வேண்டும். புறநகர் லேஅவுட்டுகளில் வேலிக்கம்பியும் கருவேலமுமாக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் கிரவுண்டுகளைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. நகரத்தை ஒட்டிய இந்த மனைகள் காலியாகக் கிடக்க, குடியேற நினைப்பவர் இன்னும் தள்ளி, இன்னும் தாழ்வான இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போன இடங்களில்தான் 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் ஏறியது. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரை தாண்டி ஓடியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடிய வேண்டிய தண்ணீர், போக வழியில்லாமல் வேளச்சேரித் தெருக்களில் நின்றது.

வெள்ளம் வந்தும் வேளச்சேரியில் விலை விழுந்துவிடவில்லையே என்பார்கள். உண்மைதான். அதற்குக் காரணம், வெள்ளத்துக்குப் பின் மழைநீர் வடிகாலுக்கும் கால்வாய் தூர்வாரலுக்கும் மீண்டும் ஊர்ப் பணம் இறங்கியதே. 1923இல் மாம்பலத்துக்குத் தொடங்கிய அதே கணக்கு இது. மனை வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரம் பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், பட்டா யார் பேரில் என்று விசாரிக்கிறார்கள். அடமானமும் கிரயமும் அவற்றில் தெரியும், தண்ணீர் தெரியாது. அதற்குக் கிராம 'அ' பதிவேட்டையும் பழைய சர்வே வரைபடத்தையும் புரட்ட வேண்டும். விற்பனை நோட்டீஸில் 'ஏரிக்காற்று வீசும் மனைகள்' என்று போட்டிருக்கும் இடத்துக்கு நேரே, அந்தப் பதிவேட்டில் ஓடை என்றோ வாய்க்கால் புறம்போக்கு என்றோ ஏரி உள்வாய் என்றோ எழுதியிருக்கலாம்.