டைனமோவின் பின்னால் ஒரு சின்னத் துளை

எங்கள் தெருவில் ஒரு பழைய மாருதி தினமும் காலையில் கீச்சென்று கத்திக்கொண்டுதான் கிளம்புகிறது. பெல்ட் வழுக்குகிற சத்தம். அதைக் கேட்டால் எனக்கு 1982-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இது புரியும்.

எங்களிடம் இருந்தது அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கிய மார்க் 2. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் என்று தயாரித்தது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். முன்னால் ஒரே ஒரு ஃபேன் பெல்ட். அது கிராங்க் புல்லியிலிருந்து வாட்டர் பம்ப், டைனமோ இரண்டையும் சுற்றவைக்கும். பெல்ட் போனால் வண்டி கொதிக்கும், சார்ஜும் ஏறாது.

டைனமோவைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜே தராது. சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணையும். சிலிகான் டையோடு வந்த பிறகு இந்தக் குறை தீர்ந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1960-லேயே வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வைத்துவிட்டது. நாம் அதற்குப் பிறகும் பல வருஷம் டைனமோவைக் கட்டிக்கொண்டு அழுதோம். புது வண்டிக்குப் பதிவு செய்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய வண்டியைச் சாகவிடாமல் ஓட்டுவதே ஒரு குடும்ப வேலை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் வண்டிக்கு இரண்டு சீக்கு சேர்ந்து வந்தது. கிளம்பும்போது பெல்ட் கத்தும். இரவில் ஓட்டினால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும். நான் இரண்டையும் தனித்தனி என்று நினைத்தேன். கத்தலுக்கு ஒருவர் சோப்புக் கட்டியைத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். (அப்போது எல்லாரும் செய்ததுதான். அரைமணி நேரம் அமைதி, பிறகு முன்னைவிட மோசம்.) மிஸ்ஸிங்குக்குப் பிளக் மாற்றினோம், சி.பி. பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். கடைசியில் ஒரு மெக்கானிக் பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்தார். ஒரு வாரம் சத்தமில்லை. அவர் கெட்டிக்காரர் என்று நாலு பேரிடம் சொன்னேன்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். திருப்பத்தூரில் பார்த்த டாக்டர், உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார். நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். கீழவளவு தாண்டும்போதே கத்தல் ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. ஹெட்லைட் மஞ்சளாகி, இன்ஜின் திக்கித் திக்கி ஓடியது. பின் சீட்டில் அம்மாவின் மூச்சுச் சத்தமும் முன்னால் பெல்ட்டின் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. மேலூர் வரை எப்படி ஓட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை.

அங்கே லாரிப் பட்டறை ஒன்றில் விளக்கு எரிந்தது. வயதானவர் ஒருவர் வந்தார்.

"வண்டிய அணைக்காதீங்க தம்பி. லைட்ட மட்டும் அணைங்க."

பானெட்டைத் தூக்கி, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைனமோ மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகுதான் இன்ஜினை நிறுத்தச் சொல்லிப் பெல்ட்டைக் கழற்றி, டைனமோ புல்லியைக் கையால் சுற்றினார். சுற்றவே மறுத்தது.

"இதுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

"எங்கண்ணே விடணும்?"

டைனமோவின் பின்பக்கம் ஒரு சின்னத் துளையைக் காட்டினார். உள்ளே இருக்கும் புஷ்ஷுக்கு அவ்வப்போது சில சொட்டு விட வேண்டுமாம். நாங்கள் ஒரு நாளும் விட்டதில்லை. புஷ் காய்ந்து பிடித்ததால் பெல்ட் வழுக்கிக் கத்தியிருக்கிறது. பெல்ட் வழுக்கியதால் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி இறங்கியதால் காயிலுக்கு வோல்ட் போதாமல் மிஸ்ஸிங் அடித்திருக்கிறது. பகலில் லைட் இல்லாததால் தெரியவில்லை. பெல்ட்டை முறுக்கியது இருந்த புஷ்ஷையும் தின்றுவிட்டது. நான் புகழ்ந்த மெக்கானிக்கை என்ன சொல்வது!

அவர் ஆயில் கேனால் சில சொட்டு விட்டு, கையால் சுற்றிச் சுற்றி இளக்கினார். பெல்ட்டை மாட்டி, நடுவில் கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்குகிற அளவுக்கு வைத்தார். எங்கள் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏற்றி வைத்திருந்த வேறொரு பேட்டரியை மாட்டினார்.

"எவ்வளவுண்ணே?"

"முதல்ல ஆத்தாவக் கொண்டு போங்க. பேட்டரிய அப்புறம் கொண்டாந்து தாங்க."

பெயர்கூடக் கேட்கவில்லை. மதுரைக்கு இன்னும் 30 கி.மீ. வண்டி முனகாமல் ஓடியது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார்.

நாலாம் நாள் மேலூர் போய் பேட்டரியைக் கொடுத்தேன். டைனமோவை அவரே பிரித்துப் புது புஷ் போட்டார். சார்ஜ் ஏற்றிய கூலியும் புஷ் விலையும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அம்மா போன வருஷம்தான் அந்த வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் டயரையும் சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பானெட்டைத் தூக்கி, முதலில் அந்தத் துளையைத்தான் காட்டினேன்.