லயத்துப் புகையும் 'மலடி' என்ற பழியும்

'மலடி' என்ற சொல் எங்கள் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். 'மலடன்' என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? கல்யாணமாகி ரெண்டு வருஷம் பிள்ளை இல்லன்னா கோயிலுக்கு நேர்ந்துக்கிறதும் கஷாயம் குடிக்கிறதும் பொம்பளதான். இஸ்தோப்பில் உட்கார்ந்து பீடி இழுக்கும் ஆம்பளையை யாரும் கேட்பதில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கு.

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட எங்கள் முன்னோர்கள் மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை மலைகளில் லயங்களில் அடைக்கப்பட்டார்கள். 1872-இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் வந்தது. 1939-இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. இரண்டும் தேவையானவைதான். ஆனால் பிரசவ சகாயம் என்பது பிள்ளை பிறப்பதைச் சுற்றிய சில வாரங்களுக்கானது. கரு தங்குதா, ஏன் கலையுது என்ற கேள்வியெல்லாம் குடும்பத்துக்குள்ளேயே கிடந்தது. அங்கே பதில் தயாராக இருந்தது: அவளுக்குத்தான் ஏதோ குறை.

குளிருக்கும் பசிக்கும் புகையிலை துணையாக இருந்தது. பெண்கள் வெற்றிலையோடு மென்றார்கள். ஆண்கள் சுருட்டும் பீடியும், பிறகு சிகரெட்டும் பிடித்தார்கள்.

புகைக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பிள்ளைகள் அதிகம் என்று 1957-இல் கலிபோர்னியாவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் எழுதினார். அதன்பின் வந்த ஆய்வுகள் இன்னும் பின்னோக்கி, கரு உருவாகும் நாட்களுக்கே போயின. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. புகை அவற்றை அழிக்கிறது. புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் 1 முதல் 4 வருஷம் முந்தியே நிற்கிறது. கருவைக் கருப்பைக்கு நகர்த்துவது கருக்குழாயின் உள்ளே இருக்கும் மெல்லிய மயிரிழைகள். புகை அவற்றை மந்தமாக்கும்போது கரு வழியிலேயே தங்கிவிடும் ஆபத்து கூடுகிறது.

ஆண் பக்கமும் அப்படித்தான். விந்தணுவின் எண்ணிக்கை குறைகிறது, நீந்தும் வலு குறைகிறது, அதற்குள் இருக்கும் மரபணு உடைகிறது. உடைந்த மரபணுவோடு உருவாகும் கரு ஆரம்பத்திலேயே கலைந்துபோகலாம். அப்போதும் 'அவ வயித்துல தங்கல'ன்னுதான் ஊர் சொல்லும்.

எங்கள் பெண்கள் புகைப்பது அரிது. ஆனால் ஒரே காம்பராவில் விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் சேர்ந்தே சுற்றும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதுளை பஸ்ஸுக்குள் யாரும் பீடி பற்றவைக்க முடியாது. காம்பராவுக்குள் அந்தச் சட்டம் வராது. மெல்லும் புகையிலையும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அதன் நிகோட்டினும் ரத்தத்தில்தான் கலக்கிறது.

பிள்ளையின்மைக்குப் புகை மட்டும் காரணமில்லை. எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றில் பல ஆணிடமும் இருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறோம். கிளினிக்குக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். பெண்ணுக்குப் பல சோதனைகள் செய்வதற்கு முன்னால் ஆணின் விந்துப் பரிசோதனையை முடித்துவிடலாம். அதில் வலியும் இல்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்றைக்குப் பீடியை விட்டவனுக்கு அடுத்த மூன்று மாதத்தில் புகை படாத விந்தணுக்கள் கிடைக்கும். 'மலடி'ன்னு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அந்த மூணு மாசத்தையாவது அவன் கொடுக்கட்டும்.